ஒன்பதாவது பாட்டு ஏன் அசந்து பாடுகிறது?

1. பழுது வேண்டும் என்று கேட்டவர்

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வேண்டுதலோடுதான் படியேறுவார்கள்: பெரிய பழுதாக இருந்துவிடக் கூடாது. முப்பத்தைந்து வருடமாக இந்த டேபிளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பழுது இருந்தே ஆக வேண்டும் என்று வந்தவர் லோகேஸ்வரி ஒருவர்தான்.

"அண்ணா, இத்த நீங்க ரிப்பேர் கூடப் பண்ண வாணாம். இதுல பழுது கீதுன்னு எங்க வூட்டுக்காரரு காதுல வுழற மாதிரி சொல்லுங்க, போதும்" என்றார்.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு மெமரி கார்டு பிளேயரை எடுத்து டேபிளில் வைத்தார். செங்கல் அளவுப் பெட்டி. முன்னால் ஸ்பீக்கர், மேலே கைப்பிடி, பாட்டு நம்பர் காட்டச் சின்னதாக ஒரு சிவப்பு டிஸ்ப்ளே. எங்கள் திருத்தணிப் பக்கத்தில் இந்தப் பெட்டி இல்லாத இடம் குறைவு. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள் வரப்பில் வைத்துக்கொள்வார்கள். நெசவு வீடுகளில் தறிக்கு மேலே தொங்கும். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள். கிருத்திகை முடிந்த வாரம் வரும் பெட்டிகளைக் கழற்றினால் உள்ளேயிருந்து விபூதி கொட்டும். அதில் கொஞ்சம் நெற்றியில் பூசிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பேன்.

லோகேஸ்வரிக்கு ஐம்பது வயதிருக்கும். கே.ஜி.கண்டிகையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு நெசவுத் தெருவில் வீடு. கைத்தறியில் பட்டு நெய்கிறவர். கூட வந்திருந்தவர் கணவர் முனிரத்தினம். தறிக்கு நெடுக்கு நூலான பாவு கட்டுவது, நெய்து முடித்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற குடும்பம்; கணவரை அவர் ‘பாவா’ என்றுதான் கூப்பிட்டார்.

"இன்னாம்மா பண்ணுது செட்டு?" என்று கேட்டேன்.

"பாட்டு அசந்து அசந்து பாடுதுண்ணா. எல்லாப் பாட்டும் இல்ல, சில பாட்டு மட்டும். பாடுறவருக்கு ஜலதோஷம் புடிச்சாப்பல குரல் கீழ எறங்கிடுது. மெதுவாப் போவுது."

"எத்தினி நாளா?"

"நாலு மாசமா. செட்டு கீழ வுழுந்துச்சின்னு கொண்டாந்தோமே, நீங்க கூட போர்டு மாத்திக் குடுத்தீங்களே, அதுலேர்ந்து."

எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட போர்டைக் குறை சொல்கிறார். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அந்தச் சுருக்கில்தான் பாதித் தீர்ப்பை எழுதிவிட்டேன். மீதியைத்தான் மீட்டரும் டெஸ்டிங் கார்டும் எழுதின.

முனிரத்தினம் முன்னால் சாய்ந்தார். "அதே மாசந்தாண்ணா இவளுக்கு டைபாய்டு வந்து பதினஞ்சு நாள் படுத்துகினு கெடந்தா. தலை சுத்தி செட்ட இழுத்துப் போட்டதே அப்பத்தான். அத்த மட்டும் சொல்ல மாட்டா."

"ஜொரம் காதுக்குள்ளயா பூந்துச்சி?" என்றார் லோகேஸ்வரி. பிறகு வெளியில் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் போனதும் முனிரத்தினம் குரலைத் தாழ்த்தினார். லோகேஸ்வரியின் அம்மா கடைசி மூன்று வருடம் நல்ல நினைவோடு இல்லையாம். பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டில் தறி ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால், ஒரு நாள் வீட்டை விட்டே கிளம்பிவிட்டாராம்.

"இவளும் அதே மாதிரி ஆரம்பிக்கிறாளோன்னு எனக்கு பயமா கீதுண்ணா. இப்பல்லாம் நெய்ஞ்ச சேலைய அளந்துட்டு, ‘பாவா, நீ ஒரு தபா அளந்து பாரு’ன்றா. முன்னல்லாம் அவ அளந்தா நான் டேப்பத் தொடவே மாட்டேன். திங்கக்கெழம வேலூர்ல மூளை டாக்டரப் பாக்க நேரம் வாங்கி வெச்சிருக்கேன். வர மாட்டேன்றா. செட்டு நல்லா கீதுன்னு நீங்க சொல்லிட்டா வந்துடுவா."

மனைவிக்குப் பழுது வேண்டும். கணவருக்குப் பழுது வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி.

2. ஓட எதுவுமே இல்லாத பெட்டி

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக, நான் அன்று சோதித்த முறையை அப்படியே எழுதுகிறேன். முறையில் ஒரு தப்பும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

டேப் ரெக்கார்டர் காலத்தில் ‘பாட்டு இழுக்குது’ என்று யாராவது வந்தால் கழற்றாமலே சொல்லிவிடுவோம். பெல்ட் தளர்ந்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும், மோட்டார் அழுத்தமாகச் சுற்றும். மூன்றில் ஒன்று. ஆனால் மெமரி கார்டு செட்டில் பெல்ட் இல்லை, மோட்டார் இல்லை, சுற்றுகிற எதுவும் இல்லை. பேட்டரி இறங்கினால் கரகரக்கும், அணைந்து போகும், மெதுவாகப் பாடாது. ஓட எதுவுமே இல்லாத பெட்டியில் மெதுவாக ஓடுவது எது? அப்படி ஒரு பழுது இருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

இருந்தாலும் சோதித்தேன். பேட்டரி வோல்டேஜ் பார்த்தேன், சரி. என் டெஸ்டிங் கார்டை அவர் செட்டில் போட்டேன். பத்து வருடமாகக் கேட்டுக் காதில் தழும்பேறிய பாட்டுகள் அதில் இருக்கின்றன. அத்தனையும் துல்லியமாகப் பாடின. ஆக, செட் சரி. அவர் கார்டை எடுத்து என் போனில் போட்டேன். அவர் குறை சொன்ன ஒன்பதாம் பாட்டை ஓட விட்டேன். அருமையாகப் பாடியது. ஆக, கார்டும் சரி.

கடைசியில் அவர் கார்டை அவர் செட்டிலேயே போட்டு ஒன்பதைக் கேட்டேன். பழைய பக்திப் பாட்டு, எனக்கு முன்பின் பழக்கமில்லாதது. யாரோ நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார். போனில் கேட்டதற்கும் இதற்கும் நடுவில் ஒரு டீ வந்தது, ஒரு கஸ்டமர் சார்ஜர் கேட்டார், பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் விட்ட ஹாரன் ஓய ஒரு நிமிஷம் ஆனது. வித்தியாசம் எதுவும் என் காதில் விழவில்லை.

லோகேஸ்வரியை உள்ளே கூப்பிட்டேன்.

"செட்டும் நல்லா கீதும்மா, கார்டும் நல்லா கீது. என் டேபிள்ல ஒரு குறையும் தெரியல."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். நெசவுத் தெருப் பெண்கள் வாய்க்கு நான் தனியாக ஈடு கொடுக்க முடியாது. மனதுக்குள் தயாராகவே இருந்தேன். அவர் சண்டை போடவில்லை. பெட்டியை ஒரு முறை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப நான்தான்" என்றார்.

 பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கணவருக்குப் பின்னால் நடந்தார். முனிரத்தினம் திரும்பிப் பார்த்து எனக்கு நன்றி சொல்வது போல் தலையை ஆட்டினார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

3. காலண்டர் தாள்

அவர் உட்கார்ந்த பெஞ்சில் ஒரு காலண்டர் தாள் கிடந்தது. பின்பக்கம் பேனாவால் நம்பர்கள் எழுதியிருந்தார்: 9, 11, 14, 15, 23, 30, 31, 38, 44, 47, 52. அசந்து பாடுகிற பாட்டுகள். கார்டில் மொத்தம் அறுபது.

குப்பைக் கூடையில் போடப் போனேன். கை நின்றது.

இரண்டு மூன்று பேனா மாறியிருந்தது. ஒரே நாளில் எழுதின கணக்கு இல்லை அது. ஒன்பதுக்குப் பக்கத்தில் நாலைந்து சின்னக் கோடுகள். மறுபடி மறுபடி கேட்டு, ஆமாம், ஆமாம் என்று கோடு போட்டிருக்கிறார். பதினான்குக்கும் அப்படியே. ஒரு நாள் இந்தப் பாட்டு, மறுநாள் வேறு பாட்டு என்று தாவவில்லை. அதே பதினொரு பாட்டுகள்.

எனக்குத் தெரிந்து பழுதுக்கு ஒரு குணம் உண்டு. லூஸ் கனெக்‌ஷன் இடம் மாறும், நேரம் மாறும், தட்டினால் போகும், தட்டினால் வரும். எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற பழுதுக்கு எப்போதும் ஒரே காரணம் இருக்கும். மனக்குழப்பம் நம்பர் பார்த்து வருமா? முப்பதும் முப்பத்தொன்றும் அசந்து பாடும், முப்பத்திரண்டு மட்டும் குஷியாகப் பாடும் என்று எந்த டைபாய்டு கற்றுக்கொடுக்கும்?

இன்னொன்றும் உறைத்தது. ஒரே மாதத்தில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தது. பெட்டிக்குப் போர்டு மாறியது. கணவர் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டார், மனைவி போர்டைப் பிடித்துக்கொண்டார். நடுவில் உட்கார்ந்திருந்த நான், என் கை பட்டது எது, படாதது எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை டாக்டர். கார்டு எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகும் என்பதால் போர்டு மாற்ற வரும் செட்டின் பாட்டுகளை என் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்து வைப்பேன். லோகேஸ்வரியின் அறுபது பாட்டும் அதில் இருந்தன. அவற்றைப் போனில் ஏற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் தெருவுக்குக் கிளம்பினேன்.

4. தார் தீரும் நேரம்

கே.ஜி.கண்டிகையில் ஒரு டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். தெருவில் நுழைந்ததும் நான்கு வீட்டுக்குப் பவர்லூம் சத்தம், அதைத் தாண்டினால் கைத்தறியின் தட்டல். லோகேஸ்வரி தறியில் இருந்தார். தலைக்கு மேலே பெட்டி தொங்கும் கொக்கி காலியாக இருந்தது.

"பாட்டு போடலியாம்மா?"

"இப்பல்லாம் போடறதில்லண்ணா. போட்டா காது அதுலயே பூடுது. நாளைக்கி டாக்டராண்ட போறம்ல, அவரு சொல்லட்டும்" என்றார். முனிரத்தினத்துக்கு நான் வந்தது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஒருவழியாக மனைவியைச் சம்மதிக்க வைத்திருக்கிற நேரத்தில் இந்த ஆள் எதற்கு வந்து தொலைத்தான் என்று நினைத்திருப்பார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மெதுவாப் பாடுதுன்னு எத்த வெச்சி சொல்றீங்க? காத வெச்சி மட்டுமா?" என்றேன்.

அவர் தறியை நிறுத்தினார். நாடாவைக் கையில் எடுத்துக் காட்டினார். நாடா என்பது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற படகு போன்ற கட்டை. அதன் வயிற்றுக்குள் குறுக்கே ஓடும் ஊடைநூல் சுற்றிய சின்னக் குழல் இருக்கும். அதற்குத் தார் என்று பெயர். தார் தீர்ந்தால் தறியை நிறுத்தி வேறு தார் போட வேண்டும்.

"நான் சுத்துற தார் எல்லாம் ஒரே அளவுண்ணா. ஒம்போதாம் பாட்டு பெரிய பாட்டு. அது ஆரம்பிக்கும்போது புதுத் தார் போட்டன்னா, கடைசி வரி பாடிகினு இருக்கும்போது நூலு தீரும். ஆறு வருசமா அப்படித்தான். கடியாரம் பாக்கவே மாட்டேன். இப்ப இன்னா ஆவுதுன்னா, தார் தீந்துடுது, அடுத்த தார எடுத்து நாடாவுல போட்டு, நூலு கோத்து, நாலு எழ கூட ஓட்டிடறேன். அவரு இன்னும் பாடிகினே கீறாரு."

முனிரத்தினம் குறுக்கே வந்தார். "உனக்கு ஜொரம் வந்து ஒடம்பு தளந்து போச்சி, லோகு. அதான் கணக்கு தப்புது."

லோகேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒடம்பு தளந்தா கை மெதுவாத்தான ஆவணும் பாவா? கை மெதுவா ஆனா பாட்டு மொதல்ல முடியணும், நூலு மிச்சம் இருக்கணும். இங்க நூலு மொதல்ல தீருது. டைபாய்டு வந்து எந்திரிச்சவளுக்குக் கை வேகமாவா ஆவும்?"

 டிப்ளமா படித்தவர்கள், கம்பெனி டிரெய்னிங் போனவர்கள் எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன். ஒரு பழுதை இத்தனை சுத்தமாக நிரூபித்து நான் பார்த்ததில்லை. இதை என் கடையில் சொல்ல விடாமல் செய்தது நான்தான். ‘எத்தினி நாளா’ என்று கேட்டேன், ‘எப்படித் தெரியும்’ என்று கேட்கவில்லை.

"செட்ட எடுத்தாங்க" என்றேன்.

பெட்டியைக் கொக்கியில் மாட்டினேன். ஒன்பதைத் தேடி வைத்தேன். போனிலும் அதே ஒன்பது. மூன்று எண்ணி இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டினேன்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரே ஆள், ஒரே பாட்டு, ஆனால் சேரவில்லை. போனில் இருந்தவர் குரல் மேலே இருந்தது, பெட்டியில் இருந்தவர் குரல் கீழே. கேட்கவே காது கூசியது. பத்து வரி போவதற்குள் போன்காரர் முன்னால் போய்விட்டார். போனில் மிருதங்கம் முடிந்து சரணம் ஆரம்பித்தபோது, பெட்டியில் மிருதங்கம் இன்னும் முடியவில்லை.  கடைசியில் போனில் பாட்டு முடிந்து நின்றது. பெட்டி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. போன் நின்ற பிறகு நாற்பது நொடிக்கு மேல் பாடியது.

முனிரத்தினம் சுவரில் சாய்ந்திருந்தார். "இன்னொரு தபா போடுங்கண்ணா" என்றார். போட்டேன். "பதினொண்ணு போடுங்க" என்றார். போட்டேன். பிறகு லோகேஸ்வரியின் தாளில் இல்லாத பன்னிரண்டைப் போடச் சொன்னார். அதில் இரண்டு குரலும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே முடிந்தன.

"நாலு மாசமா உன்ன நான்..." என்று ஆரம்பித்தார். 

லோகேஸ்வரி அழுதார் என்றால் அது சரியான வார்த்தை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் முகம் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. கணவரிடம் திரும்பிக் கேட்டார்.

"எங்க அம்மா பக்கத்து வூட்ல தறி ஓடுதுன்னு சொல்லிகினே இருந்தாங்களே பாவா. யாராவது போயி அந்தப் பூட்டத் தொறந்து பாத்தமா?"

  பெட்டியைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.

5. பதினொன்றும் ஒன்றும்

கடைக்கு வந்ததும் சாப்பிடக்கூடப் போகவில்லை. ஆர்வம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். செட்டும் தனியாகச் சரி, கார்டும் தனியாகச் சரி. சேர்ந்தால் மட்டும் தப்பு. இப்படி ஒரு புதிரை நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரில் ஒன்பதாம் பாட்டின் விவரத்தைத் திறந்தேன். பன்னிரண்டாம் பாட்டின் விவரத்தைப் பக்கத்தில் திறந்தேன். நீளம், அளவு, தரம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் மட்டும் வித்தியாசம் இருந்தது. பன்னிரண்டில் 44.1 என்று இருந்தது. ஒன்பதில் 48.

விஷயம் இதுதான். பாட்டைக் கார்டில் பதியும்போது ஒவ்வொரு நொடியையும் பல்லாயிரம் துண்டாக நறுக்கிப் பதிகிறார்கள். சிடியிலிருந்து எடுத்த பாட்டு நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டு. வீடியோவிலிருந்து எடுத்த பாட்டு பெரும்பாலும் நாற்பத்தெட்டாயிரம். ஒழுங்கான போர்டு ஒவ்வொரு பாட்டையும் பார்த்து அதற்குத் தகுந்த வேகத்தில் துண்டுகளை எடுத்துப் போடும். நான் மாற்றிய போர்டு எந்தப் பாட்டு வந்தாலும் நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறுதான் போட்டது. நாற்பத்தெட்டாயிரம் போட வேண்டிய இடத்தில் குறைவாகப் போட்டால் துண்டுகள் தீர நேரம் பிடிக்கும். பாட்டு நீளும், குரல் தாழும். என் டெஸ்டிங் கார்டில் இருப்பதெல்லாம் பழைய சிடியிலிருந்து எடுத்தவை. அதை எத்தனை வருடம் போட்டாலும் இந்தப் பழுதைக் காட்டியிருக்காது.

அறுபது பாட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, 48 என்று இருந்தவற்றை ஒரு தாளில் எழுதினேன். லோகேஸ்வரியின் தாளைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது இருந்தது. பதினொன்று இருந்தது. ஐம்பத்திரண்டு வரை அத்தனையும் இருந்தன. என்னிடம் ஒன்று மட்டும் அதிகம்: இருபத்தேழு.

அந்த ஒரு நம்பர் என்னைச் சும்மா விடவில்லை. போன் போட்டேன். லோகேஸ்வரிதான் எடுத்தார்.

"ஏம்மா, இருபத்தேழ ஏன் எழுதல?"

"இருபத்தேழா? அதுல பாடறவரு குரலே எனக்குப் புடிக்காதுண்ணா. வந்த ஒடனே தள்ளி வுட்டுடுவேன். அதுவும் அசந்துதான் பாடுதா?"

"ஆங். அதுவுந்தான்."

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துக் கண்டதை அவர் கால் மிதித்து நாடா தள்ளிக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. போன் போடுவதற்கு முன்பே, செட்டிலிருந்து அந்தப் போர்டைக் கழற்றிவிட்டுப் பழைய செட் ஒன்றிலிருந்து எடுத்த போர்டைப் பொருத்தியிருந்தேன். ஒன்பதாம் பாட்டு போனோடு சேர்ந்து ஆரம்பித்துச் சேர்ந்தே முடிந்திருந்தது.

"பழுது செட்லதாம்மா. கார்டுல இல்ல, உங்க காதுல இல்ல. நான் போட்ட போர்டு. தப்பு என்னுது" என்றேன்.

 "இருங்கண்ணா" என்றார். பின்னால் அவர் பேசுவது கேட்டது. "பாவா, உங்க அக்காவக் கூப்புடு. பக்கத்து வூட்லயும் கூப்புடு. ஸ்பீக்கர்ல போடு." மறுபடி என்னிடம், "இப்ப சொன்னீங்களே, அத்த இன்னொரு தபா சொல்லுங்கண்ணா. கொஞ்சம் சத்தமா."

சொன்னேன். முப்பத்தைந்து வருடத்தில் இத்தனை பேர் கேட்க ‘தப்பு என்னுது’ என்று நான் சொன்னதில்லை. மூன்று முறை சொல்ல வைத்தார். யாரோ ஒரு பெண் பின்னால் வந்து "இன்னா சொல்றாரு?" என்று கேட்டதால் மூன்றாவது முறை.

திங்கட்கிழமை அவர்கள் வேலூருக்குப் போகவில்லை. என் கடைக்குத்தான் வந்தார்கள். பெட்டியை வாங்கி, ஒன்பதைப் போட்டு, நின்றபடியே முழுப் பாட்டையும் கேட்டார் லோகேஸ்வரி. கடைசி வரி வந்தபோது அவர் வலது கை, இல்லாத தறியில் இல்லாத நாடாவைப் பிடிக்க நகர்ந்தது. "ஆங், தீந்துச்சி" என்றார்.

6. பதினெட்டாவது போர்டு

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்தப் போர்டு நான் சென்னையிலிருந்து வாங்கி வந்த இருபதில் ஒன்று. டப்பாவில் பார்த்தேன், இரண்டு மிச்சம் இருந்தன. ஆக, பதினெட்டு போர்டு வெளியில் போயிருக்கிறது. வேலைப் புத்தகத்தைப் புரட்டிப் போன் நம்பர்களை எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். கனகம்மாசத்திரத்தில் ஒரு ஓட்டல்காரர், ஒரு டிராக்டர் டிரைவர், ஒரு தையல் கடை, இரண்டு பஜனைக் கோஷ்டி.

"செட்டு எப்படிப் பாடுது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான பாடுது" என்றார்கள். அத்தனை பேரும்.

பஜனைக் கோஷ்டிக்காரர் ஒருவர் மட்டும் யோசித்தார். "இப்ப கேக்கறீங்களே... அந்த செட்டோட சேந்து பாடும்போது எங்க ஆர்மோனியக்காரரு சுதி சேரலன்னு கத்திகினே இருப்பாரு. வயசாயிடிச்சின்னு வேற ஆளப் போட்டுட்டோம்."

அவரை உடனே கடைக்கு வரச் சொன்னேன். போர்டை மாற்றிக் கொடுத்தேன். ஆர்மோனியக்காரரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கிட்டத்தட்ட சண்டையே போட்டேன். கூப்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எண்ணிப் பார்த்ததில் பதினேழு கணக்கு வந்தது. பதினெட்டாவது போர்டு யாருக்குப் போனது? புத்தகத்தில் இல்லை. கஸ்டமர் பெயர் எழுதாமல் நான் யாருக்கும் போர்டு போட்டதில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் வீட்டுச் சமையலறையில் பல் துலக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அலமாரியில் எங்கள் வீட்டுப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் என் மனைவி போடுகிற பாட்டுதான். கை அப்படியே நின்றது. சொந்த வீட்டுச் செட்டுக்கு யார் புத்தகத்தில் எழுதுவார்கள்?

வாயைக் கொப்பளித்துவிட்டு அதே பாட்டைப் போனில் போட்டேன். பெட்டியையும் போனையும் சேர்த்துத் தட்டினேன். போன்காரர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

நான்கு மாதமாகத் தினமும் காலையில் அந்தப் பாட்டை, அந்த வேகத்தில், அந்தக் குரலில் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்கிறேன். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான், ‘உங்கள் காதில்தான் கோளாறு’ என்று ஒரு மனுஷியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

என் மனைவியிடம் காட்டினேன். "இது எப்பவும் இப்படித்தான பாடும்?" என்று கேட்டுவிட்டு அவர் தோசையைத் திருப்பிப் போட்டார்.

இதை லோகேஸ்வரியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த முறை பஜாருக்கு வந்தவர் கடையில் எட்டிப் பார்த்தபோது சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேலூர் டாக்டரு நம்பர் பாவாகிட்ட இன்னும் கீதுண்ணா. வாங்கித் தரட்டா?" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

இப்போது என் கடையில் மூன்று பழக்கம் மாறியிருக்கிறது. கஸ்டமரின் கார்டைக் கஸ்டமரின் செட்டில் போட்டு, அவர் பக்கத்தில் நின்று கேட்கும்போதுதான் சோதிக்கிறேன். பழுதைச் சொல்கிறவரிடம் ‘எப்படித் தெரிந்தது’ என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுகிறேன். ‘செட் நல்லா இருக்கு’ என்று யாரிடமும் சொல்வதில்லை. ‘எனக்குத் தெரியலை’ என்கிறேன். சொல்லிப் பழகக் கொஞ்ச நாள் ஆகும், தம்பிகளே. ஆனால் அதைக் கேட்ட ஒருவரும் இதுவரை என் கடையிலிருந்து ‘அப்ப நான்தான்’ என்று எழுந்து போனதில்லை.